அயர்லாந்தில் மறைந்த முன்னோரைத் தேடுவோர்க்கு



நவம்பர் மாதம் பிறந்ததும் அயர்லாந்து நாட்டுக் கத்தோலிக்க இல்லங்களில் நெடுநாளைய வழக்கம் ஒன்று உண்டு. இறந்துபோன உறவினர் பெயர்களை ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு, பங்குக் கோவிலின் பீடத்தருகே வைப்பார்கள். அம்மாதத்துத் திருப்பலிகளில் அந்த ஆத்துமாக்களுக்காகச் செபிப்பார்கள். தாளின் முதல் வரிகள் எளிதில் நிரம்பிவிடும். தந்தை, தாய், பாட்டனார், பாட்டியார் என்று எழுதுகிற கை, அதற்கு அப்பால் செல்லும்போது தயங்கி நின்றுவிடுகிறது. பாட்டனாரின் தாயார் பெயர் யாது? அவர் எவ்வாண்டில் மரித்தார்? எங்கே அடக்கம் செய்யப்பட்டார்?

இவ்வினா அயர்லாந்தில் வாழ்வோருக்கு மட்டுமே உரியதன்று. நம் பெரம்பூரிலும், திருச்சிப் பொன்மலையிலும், போத்தனூரிலும் இரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றின் பெயரிலேயே அந்நாடு ஒலிக்கிறது. அத்தகைய குடும்பத்தார் சிலர், "சுவாமி, எங்கள் பாட்டனாரின் பாட்டனார் அயர்லாந்திலிருந்து பட்டாளத்தில் வந்தவர். அவருடைய பெற்றோர் இறந்த விவரத்தை அங்கிருந்து வாங்க முடியுமா? அவ்வூர்ப் பங்குச் சாமியாருக்கு எழுதினால் போதாதா?" என்று என்னிடம் கேட்டதுண்டு. அவர்களுக்கு நான் சொல்லிவருவதையே இம்மாதம் சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, மரணப் பதிவேடு என மூன்றும் ஒரே அலமாரியில் அடுக்கி வைக்கப்பட்டிருப்பதைக் கண்டு பழகியவர்கள் நாம். ஆதலின் பங்குக் குருவுக்கு எழுதுவதே நமக்கு முதலில் தோன்றும். அயர்லாந்தைப் பொறுத்தவரை, ஞானஸ்நானத்துக்கும் திருமணத்துக்கும் அது சரியான வழியே. மரணத்துக்கோ பெரும்பாலும் அவ்வழி அடைபட்டுக் கிடக்கிறது. ஏனெனில் அந்நாட்டுக் கத்தோலிக்கப் பங்குகள் பலவற்றில் மரணப் பதிவேடு எழுதப்படவே இல்லை. வடபகுதியில் ஓரளவு உண்டு. தெற்கிலும் மேற்கிலும் மிக அரிது. இருக்கும் ஏடுகளிலும் பெயர், நாள், சிலவேளை பெற்றுக்கொண்ட காணிக்கை ஆகியவற்றைத் தவிர வேறொன்றையும் காண இயலாது.

இதற்குக் காரணம் உண்டு. திரிதெந்து சங்கம் குருக்கள் எழுதிவைக்க வேண்டுமென்று கட்டளையிட்டது ஞானஸ்நானத்தையும் திருமணத்தையுமே. மரணப் பதிவேடு 1614-ஆம் ஆண்டின் ரோமைச் சடங்கு நூலில் சேர்க்கப்பட்டது. அந்நூல் அயர்லாந்துக்குச் சென்று வேரூன்ற வேண்டிய காலத்தில் அங்கே கத்தோலிக்க மறைக்கு எதிரான சட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. ஆயர்களும் துறவிகளும் 1697-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடு கடத்தப்பட்டனர். தலைமறைவாய் மலையடிவாரத்தில் திருப்பலி நிறைவேற்றிய குருவிடம் மூன்று பதிவேடுகளைப் பேணவில்லையே என்று கேட்பது பொருந்தாது.

கல்லறைத் தோட்டங்களின் நிலைமையும் இதனோடு சேர்ந்தது. பிரிவினைச் சபை அரசாங்கச் சபை ஆனபோது, பழைய கோவில்களும் அவற்றைச் சூழ்ந்த கல்லறைகளும் அச்சபையின் உடைமையாயின. கத்தோலிக்கரோ தம் முன்னோர் துயிலும் மண்ணை விட்டுவிட மனமின்றி, அங்கேயே தொடர்ந்து தம் இறந்தோரை அடக்கம் செய்தனர். அதற்குரிய கட்டணம் அச்சபையின் போதகருக்குச் சென்றது. ஆகவே கத்தோலிக்கர் ஒருவரின் அடக்கம், அவர் காலடி வைத்திராத கோவிலின் ஏட்டில் எழுதப்பட்டிருப்பதும் உண்டு. தேடுவோர் பலர் இவ்விடத்தை எட்டிப் பார்ப்பதே இல்லை.

1823-ஆம் ஆண்டில் டப்ளின் நகரத்தின் புனித கெவின் கல்லறைத் தோட்டத்தில், கத்தோலிக்கக் குரு ஒருவர் குழியருகே செபம் சொல்ல முற்பட்டபோது அவ்விடத்துக் காவலர் தடுத்துவிட்டார். மக்கள் கொதித்தெழுந்தனர். டேனியல் ஓ'கானல் இதனைக் கையிலெடுத்தார். அதன் பயனாக 1829-இல் கோல்டன்பிரிட்ஜ் என்ற இடத்திலும், 1832-இல் கிளாஸ்னெவின் என்ற இடத்திலும், கத்தோலிக்கரும் பிறரும் தத்தம் முறைப்படி செபித்து அடக்கம் செய்யத்தக்க கல்லறைத் தோட்டங்கள் உருவாயின. ஓ'கானலும் கிளாஸ்னெவினிலேயே துயில்கிறார். அங்கு அடக்கம் செய்யப்பட்டோர் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டவர். தொடக்கமுதல் அவர்களுடைய விவரங்கள் எழுதிவைக்கப்பட்டுள்ளன. கட்டணம் செலுத்தி அவற்றைப் பார்க்கலாம். இவ்வகையில் டப்ளின் நகரத்தார் பேறுபெற்றவர்கள். நாட்டுப்புறத்து ஏழை உழவனின் சந்ததியார் வேறு வழி தேட வேண்டும்.

அந்த வழி 1864-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் திறந்தது. அன்றுமுதல் அயர்லாந்தில் நிகழும் பிறப்பு, இறப்பு, கத்தோலிக்கத் திருமணம் ஆகிய அனைத்தையும் அரசாங்கப் பதிவாளரிடம் பதிவு செய்தல் கட்டாயமாயிற்று. கத்தோலிக்கர் அல்லாதாரின் திருமணங்கள் மட்டும் 1845 முதலே பதிவாகி வந்தன. இங்கிலாந்து இவ்வேற்பாட்டை 1837-லும், ஸ்காட்லாந்து 1855-லும் தொடங்கிவிட்டன. அயர்லாந்து கடைசியாக வந்து சேர்ந்தது.

புதிதாக அலுவலகங்கள் கட்டப்படவில்லை. ஏழைகளைப் பராமரிக்கும் சட்டத்தின்கீழ் நாடு முன்பே ஒன்றியங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வோர் ஒன்றியத்திலும் பல தர்ம மருந்தகங்கள் இருந்தன. அம்மருந்தகத்து மருத்துவரே பெரும்பாலும் பதிவாளருமானார். இதனை நினைவில் வைப்பது நலம். ஏனெனில் பதிவேட்டில் காணும் ஊர்ப் பெயர், இறந்தவர் வாழ்ந்த ஊராக இராமல் ஒன்றியத்தின் தலைமை ஊராக இருக்கும். அவ்வூர் அண்டை மாவட்டத்தைச் சேர்ந்ததாகவும் இருக்கக்கூடும். "எங்கள் ஊர் இதுவன்று" என்று சொல்லி, உரிய பதிவையே ஒதுக்கித் தள்ளிவிடுவோர் உண்டு.

பழைய மரணப் பதிவில் ஒருவருக்கு ஒரு வரி. இறந்த நாளும் இடமும், பெயர், ஆணா பெண்ணா, மணமானவரா அல்லவா, வயது, தொழில், இறப்பின் காரணமும் நோய் நீடித்த காலமும், தகவல் தந்தவரின் கையொப்பமும் இருப்பிடமும், பதிவு செய்த நாள், பதிவாளரின் கையொப்பம் — இவ்வளவே. ஸ்காட்லாந்துப் பதிவில் இறந்தவரின் தாய் தந்தையர் பெயரும் காணப்படும். அயர்லாந்துப் பதிவில் அது இல்லை. பிறந்த ஊர் இல்லை. கணவன் அல்லது மனைவியின் பெயருக்கென்று கட்டமும் இல்லை. இதைக் கண்டு பலர் ஏமாற்றமடைகின்றனர். எனினும், இவ்வரியில் குடும்ப வரலாற்றுக்கு மிகவும் பயன்படும் கட்டம், இறந்தவரைப் பற்றியதே அன்று. தகவல் தந்தவரைப் பற்றியது.

எடுத்துக்காட்டாக ஒரு பதிவைக் கற்பனை செய்துகொள்வோம். ஆண்டு 1889. இறந்தவர் ஒரு பெண்மணி. வயது 70. விதவை. தொழில் என்ற கட்டத்தில் "கூலியாளின் விதவை." காரணம் மார்ச்சளி, மூன்று வாரம், மருத்துவர் சான்று இல்லை. தகவல் தந்தவர் வேறொரு குடும்பப் பெயருடைய பெண், மரண வேளையில் உடனிருந்தவர், பக்கத்துச் சிற்றூர்க்காரி, எழுதத் தெரியாமையால் பெயருக்கு நடுவே ஒரு பெருக்கல் குறி. மேலோட்டமாகப் பார்த்தால் இதில் ஒன்றுமில்லை. ஆனால் சான்று இல்லை என்ற சொல், அவ்வீட்டுக்கு மருத்துவர் வந்து பார்க்கவில்லை என்று காட்டுகிறது. உடனிருந்த பெண் யார்? மணமாகிச் சென்ற மகளாக இருக்கலாம் என்று கொண்டு, அவருடைய திருமணப் பதிவைத் தேட வேண்டும். 1864-க்குப் பிந்திய திருமணப் பதிவுகளில் மணமக்கள் இருவரின் தந்தையர் பெயரும் தொழிலும் எழுதப்பட்டிருக்கும். மணமகளின் தந்தை கூலியாள் என்றும், குடும்பப் பெயர் நம் விதவையின் பெயரே என்றும் கண்டால், விதவையின் கணவர் பெயர் கைக்கு வந்துவிட்டது! அடுத்து 1901-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் அம்மகளின் இல்லத்தைப் பார்க்கலாம். இங்ஙனம் ஒரு பெருக்கல் குறியைப் பிடித்துக்கொண்டு மூன்று தலைமுறைகளை எட்டிவிட முடியும்.

இறந்தவர் மணமான பெண்ணாயின் "உழவரின் மனைவி" என்றும், குழந்தையாயின் "செருப்புத் தொழிலாளியின் மகன்" என்றும் தொழில் கட்டத்தில் எழுதுவது வழக்கம். பிற்காலப் பதிவுகளில் தகவல் தந்தவர் மகனா, மருமகளா, அண்டை வீட்டாரா என்ற உறவுமுறையும் சொல்லப்படும். ஏழையர் விடுதியில் இறந்தோருக்கு இந்த நன்மை கிட்டுவதில்லை. அங்கே தகவல் தந்தவர் விடுதி அதிகாரியே. அவருக்கு இறந்தவரின் குடும்பம் தெரிந்திருக்க நியாயமில்லை. திடீர் மரணம், விபத்து முதலியவற்றில் மரண விசாரணை அதிகாரியே தகவல் தந்தவராகக் குறிக்கப்படுவார். அத்தகைய பதிவைக் கண்டால் அந்த வாரத்து உள்ளூர்ச் செய்தித்தாளைத் தேடிப் பார்ப்பது பயனுடையது.

வயதைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதனை வேதவாக்காகக் கொள்ளற்க. பிறந்த ஆண்டைச் சரியாக அறிந்திராத மக்கள் அவர்கள். அருகிலிருந்தவர் மதிப்பாகச் சொன்னது ஏட்டில் ஏறியது. அறுபது, எழுபது, எண்பது என்று முழு எண்களாகவே வயதுகள் அமைந்திருப்பதைக் காணலாம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1909-ஆம் ஆண்டு ஜனவரியில் எழுபது வயதானோருக்கு முதியோர் உதவித்தொகை வழங்கத் தொடங்கினார்கள். 1901-ஆம் ஆண்டுக் கணக்கில் ஐம்பத்தைந்து வயதாயிருந்த பலர், 1911-ஆம் ஆண்டுக் கணக்கில் எழுபதைத் தாண்டிவிட்டார்கள்! அந்த வயதே பிறகு மரணப் பதிவுக்கும் வந்தது. ஆகவே பத்தாண்டுகள் முன்பின் தேடுதல் வேண்டும்.

பெயரிலும் இதே இடர்ப்பாடு உண்டு. பேரன் என்று பொருள்படும் 'ஓ' என்ற முன்னொட்டையும், மகன் என்று பொருள்படும் 'மக்' என்ற முன்னொட்டையும் ஆங்கில ஆட்சிக் காலத்தில் பலர் விட்டுவிட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சிலர் மீண்டும் சூடிக்கொண்டனர். தந்தை சல்லிவன், மகன் ஓ'சல்லிவன் என்று இருக்கக்கூடும். பிரிஜித் என்ற பெயருடையவர் ஓரிடத்தில் பிடி என்றும் வேறிடத்தில் டிலியா என்றும் காணப்படுவார். இவ்வளவுக்கும் நடுவே நம்மைக் காப்பாற்றுவது 'டவுன்லாண்டு' எனப்படும் சிற்றூர்ப் பிரிவின் பெயர். அயர்லாந்தில் அத்தகைய பிரிவுகள் அறுபதாயிரத்துக்கும் மேல் உள்ளன. சில நூறு ஏக்கர் பரப்பே உள்ள அவற்றில் சில குடும்பங்களே வாழ்ந்தன. குடும்பத்தில் எவரேனும் பழைய கடிதத்தின் தலைப்பிலோ செபப் புத்தகத்தின் முதல் ஏட்டிலோ எழுதி வைத்த அச்சிற்றூரின் பெயர், தேடுவோருக்குப் பெரிய உதவி. அது தெரியாமல் 'கெல்லி' என்ற ஒரு பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடுதல் வைக்கோற்போரில் ஊசி தேடுவதே.

இனி, எங்கே தேடுவது? முன்பெல்லாம் டப்ளினுக்குச் சென்று, தடித்த அட்டவணைகளைப் புரட்டி, கட்டணம் செலுத்தி நகல் பெற வேண்டியிருந்தது. தலைமைப் பதிவகம் இப்பொழுது ராஸ்காமன் நகரில் இயங்குகிறது. ஆனால் நம் வாசகர் எவரும் அங்குச் செல்ல வேண்டியதில்லை. அயர்லாந்து அரசாங்கமே நடத்தும் வம்சாவளி இணையதளத்தில் பழைய பதிவேடுகளின் பக்கங்கள் படங்களாகவே வைக்கப்பட்டுள்ளன. பிறப்பாயின் நூறாண்டும், திருமணமாயின் எழுபத்தைந்து ஆண்டும், இறப்பாயின் ஐம்பது ஆண்டும் கடந்தவற்றை எவரும் காசின்றிக் காணலாம். 1921-ஆம் ஆண்டின் இறுதிவரை தீவு முழுவதற்கும் பதிவு ஒன்றே. பிரிவினைக்குப்பின், 1922 முதல், வட அயர்லாந்தின் ஆறு மாவட்டப் பதிவுகள் பெல்பாஸ்ட் நகரில் தனியே பேணப்படுகின்றன. அவற்றை அவ்வரசின் இணையதளத்தில் சிறு கட்டணம் செலுத்திப் பெற வேண்டும். ஐம்பதாண்டு ஆகாத மரணங்களுக்குத் தலைமைப் பதிவகத்துக்கு விண்ணப்பிக்கலாம். வழக்கு, சொத்து முதலிய காரியங்களுக்கன்றிக் குடும்ப வரலாற்றுக்கு மட்டும் தேவையெனில், முத்திரையிட்ட சான்றிதழ் கேட்க வேண்டாம். ஆய்வு நகல் போதும், அதற்குக் கட்டணம் மிகக் குறைவு.

1922-ஆம் ஆண்டு ஜூன் மாதம் டப்ளினில் நிகழ்ந்த உள்நாட்டுப் போரில், நான்கு நீதிமன்றக் கட்டடத்தை ஒட்டியிருந்த ஆவணக் காப்பகம் வெடித்துத் தீக்கிரையான செய்தியைக் கேள்வியுற்ற சிலர், எல்லாம் எரிந்துவிட்டது என்று கைவிட்டுவிடுகின்றனர். எரிந்தவை பழைய மக்கள்தொகைக் கணக்குகள், உயில்கள், அரசாங்கச் சபையின் கோவில் ஏடுகளில் பெரும்பகுதி ஆகியவை. அரசாங்கத்தின் பிறப்பு, இறப்புப் பதிவேடுகள் அக்கட்டடத்தில் இல்லை. கத்தோலிக்கப் பங்கு ஏடுகளும் பங்கு இல்லங்களிலேயே இருந்தமையால் தப்பின. ஆயிரத்துக்கு மேற்பட்ட பங்குகளின் அந்த ஏடுகளைத் தேசிய நூலகம் படமெடுத்து, 1880 வரை உள்ளவற்றை 2015-ஆம் ஆண்டில் இணையத்தில் வெளியிட்டது.

இன்று அயர்லாந்தில் ஒருவர் இறந்தால், மருத்துவர் தரும் படிவத்தைப் பெற்று உறவினர் ஒருவர் பதிவாளரிடம் சென்று கையொப்பமிட வேண்டும். 2005-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நடப்பிலிருக்கும் முறைப்படி, இறந்தவரின் பிறந்த நாளும் இடமும், பெற்றோர் பெயரும் பதிவில் சேர்க்கப்படுகின்றன. வருங்காலத்தில் நம் தலைமுறையைத் தேடுவோருக்கு அவ்வளவு துன்பமிராது.

அவ்வளவு தேடியும் பதிவு அகப்படாவிட்டால்? தொடக்க ஆண்டுகளில் சட்டத்தை மீறிப் பதிவு செய்யாது விட்டவர்கள் இருந்தனர். மழைக்காலத்தில் பல மைல் நடந்து பதிவாளரிடம் செல்ல ஏழைகளுக்கு மனம் வரவில்லை போலும். நிலவரி மதிப்பீட்டு அலுவலகத்தின் திருத்த ஏடுகள் இங்கே கைகொடுக்கும். குத்தகைக்காரரின் பெயரை அடித்துவிட்டு, வேறு நிற மையில் விதவை அல்லது மகனின் பெயரை எழுதி, ஆண்டைக் குறித்திருப்பார்கள். இறந்த நாள் தெரியாவிடினும் ஏறத்தாழ எக்காலம் என்பது தெரியும். சிறிதளவு சொத்துள்ளவராயின், 1858 முதல் அச்சிடப்பட்ட உயில் அட்டவணைகளில் இறந்த நாளே கிடைக்கும்.

கடல் கடந்து இறந்தவரை அயர்லாந்தில் தேடிப் பயனில்லை. இங்கேதான் நம் சென்னைக்கும் இப்பொருளுக்கும் உள்ள தொடர்பு வருகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஐரோப்பியப் படைகளில் அயர்லாந்துக்காரர் ஏராளம். சென்னையில் தோன்றிய ஐரோப்பியப் படைப்பிரிவே 1881-ஆம் ஆண்டில் ராயல் டப்ளின் பியூசிலியர்ஸ் என்ற பெயர் பெற்றது. அப்படைவீரர்கள் காலராவிலும் காய்ச்சலிலும் இறந்தபோது, இங்குள்ள குருக்கள் எழுதிய அடக்கப் பதிவுகளின் பிரதிகள் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் உள்ளன. பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களை ஆராயும் தன்னார்வச் சங்கம் ஒன்று அவற்றுக்கு அட்டவணை தயாரித்து, காசின்றித் தேடவும் இடமளித்துள்ளது. 1842-ஆம் ஆண்டில் அயர்லாந்திலிருந்து சென்னைக்கு வந்து பெண்கல்விக்கு உழைத்த பிரசன்டேஷன் கன்னியரைப் பற்றி அறிய விரும்புவோர், சபையாரையே கேட்பது நலம். போர்வீரரின் அடக்கப் பதிவில் பெயர், படைப்பிரிவு, வயது ஆகியன இருக்கும். சொந்த ஊர் இராது. அதற்கு அவர் படையில் சேர்ந்தபோது எழுதிய ஏட்டைப் பார்க்க வேண்டும்.

எந்த ஏட்டிலும் ஏறாதவர்களும் உண்டு. 1845 முதல் 1852 வரை உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்து அந்நாட்டைப் பெரும் பஞ்சம் சூறையாடியது. 1841-இல் ஏறத்தாழ 82 இலட்சமாயிருந்த மக்கள்தொகை, 1851-இல் 66 இலட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. மாண்டவர் ஏறத்தாழ பத்து இலட்சம், பிறர் கப்பலேறினர். கார்க் மாவட்டத்தின் ஸ்கிபரீன் நகரருகே ஒரே கல்லறைத் தோட்டத்தில் எட்டாயிரம் முதல் பத்தாயிரம் பேர்வரை பெயரின்றிப் புதைக்கப்பட்டனர். அரசாங்கப் பதிவு தொடங்க அப்போது பன்னிரண்டுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் இருந்தன. அக்காலத்து முன்னோரைத் தேடுவோர், ஒரு பெயர் ஓர் ஏட்டில் காணப்பட்டு அடுத்த ஏட்டில் காணப்படாமற் போவதைக் கொண்டே அறிந்துகொள்ள வேண்டியுள்ளது.

ஞானஸ்நானம் பெறாது இறந்த சிசுக்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. மந்திரித்த நிலத்தில் அவர்களை அடக்கம் செய்தல் ஆகாது என்ற அக்கால வழக்கத்தால், தந்தையர் இரவு வேளையில், வயலோரத்திலோ பாழடைந்த கோவிலருகிலோ, 'கில்லீன்' எனப்படும் இடங்களில் தனியே புதைத்துவிட்டு வந்தனர். அடையாளத்துக்கு ஒரு கரடுமுரடான கல். செத்துப் பிறந்த குழந்தைகளுக்கு அரசாங்கப் பதிவும் இருக்கவில்லை; அயர்லாந்தில் அத்தகைய பதிவேடு 1995-ஆம் ஆண்டு ஜனவரியில்தான் தொடங்கிற்று. முன்னர் நிகழ்ந்தவற்றையும் பெற்றோர் கேட்டால் அதில் பதியலாம் என்று சட்டம் இடந்தந்தது. ஞானஸ்நானமின்றி இறக்கும் குழந்தைகளின் மீட்பில் நம்பிக்கை வைக்கலாம் என்று அனைத்துலக இறையியல் குழு 2007-இல் விளக்கியது. அவ்வழக்கத்தால் எத்தனை தாய்மார் மனம் புழுங்கி மறைந்தனர் என்பதை எண்ணும்போது, குருவாகிய எனக்கு வேதனையே மிஞ்சுகிறது.

இறுதியாக, இம்மாத இதழில் எழுதக் கூசினும் எழுதாமல் விட இயலாத ஒன்று. கால்வே மாவட்டத்தின் டூவம் நகரில், மணமாகாத தாய்மாருக்கும் அவர்தம் குழந்தைகளுக்குமான விடுதி 1925 முதல் 1961 வரை நடைபெற்றது. கட்டடம் மாவட்ட மன்றத்தினுடையது. நடத்தியவர் போன் செக்கூர் கன்னியர். விடுதி மூடப்பட்டு இடிக்கப்பட்டபின், 1970-களில் அங்கு விளையாடிய சிறுவர்கள் மண்ணுக்குள் எலும்புகளைக் கண்டனர். பஞ்ச காலத்து எலும்புகளாயிருக்கும் என்று ஊரார் எண்ணினர்.

அவ்வூர்ப் பக்கத்துப் பெண்மணியான கேத்தரின் கார்லெஸ் என்பவர் வரலாற்றுப் பேராசிரியர் அல்லர். தம் வட்டாரச் சரித்திரத்தில் ஈடுபாடு கொண்ட இல்லத்தரசி. அவ்விடுதியில் இறந்த குழந்தைகள் யாவர் என்று அறிய விரும்பி, மாவட்டப் பதிவகத்தில் மரணப் பதிவுகளைக் கேட்டார். ஒவ்வொரு நகலுக்கும் நான்கு யூரோ கட்டணத்தைத் தாமே செலுத்தினார். வந்து சேர்ந்த பெயர்கள் 796. ஒவ்வொன்றிலும் பெயர், வயது, இறந்த நாள், காரணம் இருந்தன. தட்டம்மை, கக்குவான் இருமல், இழுப்பு, க்ஷயம். பிறகு அவர் சுற்றுவட்டாரக் கல்லறைத் தோட்டங்களின் ஏடுகளோடு அப்பெயர்களை ஒப்பிட்டுப் பார்த்தார். இருவரைத் தவிர வேறெவருடைய அடக்கமும் அவற்றில் இல்லை. 2012-இல் உள்ளூர்ச் சரித்திரச் சங்கத்தின் ஏட்டில் இதனைக் கட்டுரையாக எழுதினார். 2014-இல் உலகெங்கும் செய்தியாயிற்று. அரசாங்கம் ஆணைக்குழு அமைத்தது. அக்குழு நடத்திய சோதனை அகழ்வில், நிலத்தடியில் அறை அறையாகக் கட்டப்பட்டிருந்த ஓர் அமைப்புக்குள் ஏராளமான குழந்தைகளின் எலும்புகள் கிடந்ததாக 2017 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. 2021-ஆம் ஆண்டு ஜனவரியில் பிரதமர் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கோரினார். கன்னியர் சபையும், அக்குழந்தைகள் மரியாதையற்ற முறையில் புதைக்கப்பட்டதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

அடக்கம் செய்தபின் மரணப் பதிவேட்டில் எழுதவேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். அவ்விடுதியின் அடக்கப் பதிவேடு என்று ஒன்றும் கிடைக்கவில்லை. அரசாங்கச் சட்டத்துக்கு உட்பட்டு, தகவல் தந்தவர் ஒருவர் கையொப்பமிட்டுப் பதிவாளர் எழுதிவைத்த அந்த 796 வரிகள் இல்லாதிருப்பின், அக்குழந்தைகளைக் கேட்பாரே இருந்திரார்.

2022-இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டு, 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் டூவம் நகரில் முழு அகழ்வு தொடங்கியது. பணி இரண்டாண்டுகள்வரை நீடிக்கும் என்று அப்போது கணித்தனர். குழந்தைகளின் உடன்பிறந்தார் பலர் முதுமையடைந்துவிட்டமையால், அவர்களிடமிருந்து மரபணு மாதிரிகள் முன்கூட்டியே பெறப்படுகின்றன. எடுக்கப்படும் எலும்புகளை அம்மாதிரிகளோடு ஒப்பிட்டு, பதிவேட்டிலுள்ள எந்தப் பெயர் எந்தக் குழந்தைக்குரியது என்று இயன்றவரை கண்டறிந்து, உரியவர்களிடம் ஒப்படைத்து முறைப்படி அடக்கம் செய்ய வேண்டும் என்பதே ஏற்பாடு.